வெண்ணெய் உருகாத உயரம்

செவ்வாய்ப்பேட்டையில் மே மாதம்
வெண்ணெய்க்கு ரோஷம் கிடையாது.
மடித்த மாவுக்குள் நில் என்றால்
மேசை விளிம்பில் வழிந்து கிடக்கும்.

அதனால்தான் கடைசி பஸ்.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
இருபது கொண்டை ஊசியும் ஏறினேன்.
"மீனா அண்ணே?" என்றார் கண்டக்டர்.
மாவு என்றேன். நம்பவில்லை.

ஏற்காட்டில் பிலோமி கதவைத் திறந்தாள்.
பேசி இரண்டு வருஷம்.
ஓவன் வாங்கியதில் என் பங்கு இன்னும் பாக்கி.
கல்மேடை சில்லென்றிருந்தது.
தேய்த்தோம், மடித்தோம், மறுபடி தேய்த்தோம்.
ஹேசல்நட் சாக்லேட் ஒவ்வொரு ஸ்பூன்;
சோமாஸ் மாதிரி மூடி
முள்கரண்டியால் ஓரம் அழுத்தினாள்,
கொஞ்சம் கோபமாகவே.

விடியும்போது ஒன்று மட்டும் வாய் பிளந்து
தட்டில் கறுப்பாய்க் கசிந்திருந்தது.
விற்க முடியாது.
பாதியாகப் பிட்டோம்.
என் சட்டையெல்லாம் செதில்.
தட்டிவிடக் கை நீட்டியவள்
பாதியில் மடக்கிக்கொண்டாள்.