மைனஸ் பதினெட்டு

வெள்ளவத்தை ஸ்டேஷன் தாண்டி
தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே, கருங்கல்லில்
நாலு பேர் இருக்கிறோம்.
பதினொரு வருசத்துக்குப் பிறகு.
றிஸ்மியாவுக்கும் அனுலாவுக்கும் இறால் வடை.
மெற்றில்டா கடலைச் சுருள் போதுமென்றாள்.
எனக்கு இரண்டும்.

"சொல்லன், ஸ்னோ எப்படி?"
றிஸ்மியா படத்தில் பார்த்தாளாம்,
மெல்லிய சேலையோடு ஆடுகிறார்கள்.
ஆடலாம். பாட்டு முடிய முதல் ஆம்புலன்ஸ் வரும்.

முதலில் அந்தச் சொல்லே சரியில்லை.
பனி என்றால் நமக்கு என்ன?
தை மாதம், தலைக்கு ஒரு துவாய்,
அடுத்த நாள் தடிமன்.
வின்னிபெக்கில் விழுவதற்கு
என்னிடம் சொல் இல்லை. சவள் இருக்கிறது.

விடிய ஐந்து மணி, வேலைக்குப் போக வேண்டும்.
கதவைத் தள்ளினால்
நேற்று இருந்த மூன்று படியும் இல்லை.
கார் நின்ற இடத்தில் ஒரு மேடு,
அதன் மூக்கிலிருந்து வயர் ஒன்று சுவருக்குப் போகும்.
ஓம், காருக்கும் இரவு முழுக்கக் கரன்ட் கொடுப்போம்,
எஞ்சின் விறைத்துப் போகாமல்.
மூச்சை இழுத்தால் மூக்குமயிர் நிமிர்ந்து நிற்கும்.
சிரிக்காதீர்கள்.
உடுப்பு ஐந்து அடுக்கு;
எல்லாம் போட்டு, ஜிப்பை இழுத்து, கையுறையும் மாட்டிய பிறகுதான்
மூத்திரம் வரும்.

ரோட்டுக்கு உப்புப் போடுவார்கள்.
"கறிக்குப் போடுற உப்பா?" அனுலா, தன் தமிழில்.
கறிக்கு இல்லை, லொறி லொறியாய்.
புத்தளத்தில் காய்வதெல்லாம் எங்கள் தெருவுக்கே காணாது.
நாய்க்குக் கால் எரியும் என்று
அதற்கும் சப்பாத்து.
கல்லுக்குக் கீழே படுத்திருந்த நாய்
எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி
மறுபக்கம் பார்த்துப் படுத்தது.

வீட்டுக்குள் கதவுப்பிடி கரன்ட் அடிக்கும்.
மகன் கன்னத்தில் கொஞ்சினாலும் அடிக்கும்.
நாலரைக்கு இருட்டு.
பக்கத்து வீட்டுக்காரனை நவம்பரில் கண்டால்
அடுத்தது ஏப்ரலில், தாடியோடு.
ஒருநாள் காலை என் படிகள் துப்புரவாய்க் கிடந்தன.
யார் வழித்தது என்று இன்னும் தெரியாது.

பாணந்துறை ரயில் போனது.
அது போகும்வரை யாரும் கதைக்கவில்லை.

பிறகு கையை நீட்டினேன்:
பாருங்கள், நகக்கரையெல்லாம் வெடிப்பு.
மெற்றில்டா கடலையை மடியில் வைத்துவிட்டு
என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
தன் கையைப் பக்கத்தில் வைத்தாள்.
அதே இடங்கள். அதே கோடுகள். அவளுடையது ஆழம்.

"வத்தளையில இறால் கம்பெனி.
குளிர் அறை. மைனஸ் பதினெட்டு. ஒன்பது வருசம்.
நீ சொன்ன மூக்குமயிர், ஓம்.
ஜிப் இழுத்த பிறகு மூத்திரம், அதும் ஓம்,
போனா பத்து நிமிசம் சம்பளத்தில வெட்டு.
இரவைக்கு வாசலின் பூசி, ஷொப்பிங் பேக் கட்டி
மேல சொக்ஸ் போட்டுப் படு. மூணு நாள்ல பொருந்தும்."

முக்கால் மணித்தியாலம் நான் கதைத்திருந்தேன்.

"ஆனா ஒண்டு," என்றாள்.
"ஷிப்ட் முடிஞ்சு கதவைத் திறந்தா வெயில்.
கண்ணாடி முழுக்கப் புகார் மூடும்,
ஒரு நிமிசம் கண் தெரியாது.
அந்த நிமிசம் எனக்கு நல்ல விருப்பம்.
உனக்கு வெளியிலயும் குளிர்தானே,
நீ எந்தக் கதவைத் திறப்பாய்?"

எனக்கு மூடுவது உள்ளே வரும்போது.
நனைந்த சப்பாத்துகள், ஹீட்டரின் இரைச்சல்,
யாரோ நேற்றைய சோற்றைச் சூடாக்கும் மணம்.
முகம் தெரியாமல் நின்றபடி
"ஆர் வீட்டில?" என்று கேட்பேன்.
சில நாள் பதில் வரும்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அனுலா வெகுநேரமாய் யோசித்திருக்க வேண்டும்:
"அந்த நாய்ச் சப்பாத்து,
சோடியாவா விக்கிறது, நாலாவா?"