அறிவிக்க ஏதுமுண்டா

முப்பத்தொரு வருஷம்
துறைமுகச் சுங்கத்தில் இருந்தேன்.
பட்டர்வொர்த் கொட்டகையில்
பெட்டி பெட்டியாய் வந்திறங்கும் வைனை
லிட்டருக்கு இவ்வளவு என்று
கணக்குப் போட்டு முத்திரை குத்தியவள்.
ஒரு சொட்டு குடித்ததில்லை.

ஊர்ப்பெயர்கள் மட்டும் மனப்பாடம்.
பலகையில் சூடு போட்டு எழுதியிருக்கும்,
வாய்க்குள் அடங்காத ஜெர்மன் பெயர்கள்.
ஃபெரியில் ஜார்ஜ்டவுன் திரும்பும்போது
மெல்லச் சொல்லிப் பார்ப்பேன்,
கடன் வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போனவர்களின்
பெயர்களைப்போல.

ஓய்வுப் பணத்தில் பாதி கூரைக்குப் போனது.
மீதியில், செப்டம்பர் கடைசியில்,
மோசெல் ஆற்றங்கரைக்குப் போனேன்.
"தனியாவா?" என்றான் சோங்.
முப்பத்தொரு வருஷம் பக்கத்து மேசையில் நீதானே,
போதும் என்றேன்.

இன்று ஜெலுத்தோங் வீட்டில் மழை.
ஜமீலா ஆயர் ஈத்தாமிலிருந்து லக்சா வாங்கி வந்திருக்கிறாள்,
தனக்கு ஜாதிக்காய்ச் சாறு.
என்ன பார்த்தாய், சொல் என்கிறார்கள்.

மலை அல்ல அது, சுவர்.
சுவரில் ஆணி அடித்தாற்போல்
கொடிக்கு ஒரு கம்பு.
கல்லில் செதுக்கிய கப்பல் ஒன்று பார்த்தேன்,
ரோமானியர் காலத்தது, பீப்பாய் ஏற்றியது.
சுக்கான் பிடித்தவன் சிரிக்கிறான்.
பில் இல்லாமல் சரக்கு ஏற்றியவன் சிரிப்பு.
எனக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு!
சோங் மேசையைத் தட்டுகிறான்.

வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய கோடு,
பக்கத்தில் வருஷம்.
ஒரு கோடு என் தலைக்கு மேலே.
அந்தக் கோட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஒருத்தி
வெங்காயம் பரப்பிய ரொட்டி விற்றாள்,
கூடவே புளித்துக்கொண்டிருக்கும் புதுச் சாறு.
மூடியை இறுக்காதே, வெடிக்கும் என்றாள்.
கள்ளுதான்.
ஆனால் யாரும் முகத்தை மறைத்துக்கொண்டு வாங்கவில்லை.
பாதிரியார் இரண்டு பாட்டில் கொண்டுபோனார்.

ஊர்சுலா வரலாறு சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.
வரலாற்றுக்குப் பின்னால், சரிவில்,
கூடை சுமந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்
ருமேனியாவிலிருந்து வந்தவர்கள்.
டோய்னா என்று ஒருத்தி, முட்டியில் துணி சுற்றியிருந்தாள்.
கூலி எவ்வளவு என்று விரலால் கேட்டேன்.
விரலால் சொன்னாள்.
பையிலிருந்த முறுக்கைக் கொடுத்தேன்,
அவள் ஒரு கொத்துப் பழம்.
ஊர்சுலா கடிகாரம் பார்த்தாள்.
இரண்டாயிரம் வருஷம்
இன்னும் ஐந்து நிமிஷம் காத்திருக்கட்டும்.

நிலவறையில் குடிக்கத் தந்தார்கள்.
சுழற்று, முகர்ந்து பார், என்ன தெரிகிறது?
பீச் என்றார் ஒருவர். ஆப்பிள்தோல் என்றார் இன்னொருவர்.
எனக்குத் தெரிந்தது
எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு.
ஒன்றாம் வகுப்பு, தமிழ்ப்பள்ளி,
மூன்று சுழி ணகரத்தை இரண்டோடு விட்டுவிட்டு
டீச்சர் வருவதற்குள் நாக்கால் நக்கியது.
சொன்னால் சிரிப்பார்கள் என்று
பீச் என்றேன் நானும்.
அப்புறம் தோட்டக்காரர்
கையளவு கல்லை மேசையில் வைத்தார்.
வேர் இறங்குவது இதற்குள்தான் என்றார்.
கறுப்பு. தகடு தகடாய்.
சிலேட்டு.

பாயான் லெப்பாஸில் பச்சை வழி காலியாக இருந்தது.
பழக்கதோஷம்,
சிவப்பில் போய் நின்றேன்.
சின்னப் பெண், மடிப்புக் கலையாத சீருடை,
தையல்நாயகி என்பதை
மூன்று தவணையில் படித்து முடித்தாள்.
அறிவிக்க ஏதுமுண்டா?
ஒரு பாட்டில், அனுமதிக்குள். ஒரு கல்.
கல்லுக்கு என்ன தலைப்பு என்று
அட்டவணையைப் புரட்டினாள்.
இருபத்தைந்தாம் அதிகாரம்.
சொல்லவில்லை. தேடட்டும்.

சோங் ஒரு மிடறு குடித்துவிட்டு
புளிக்கிறது என்கிறான், லக்சாவைக் கிண்டிக்கொண்டே.
ஜமீலா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
வீட்டுச்சாவியால் அதில் எதையோ கிறுக்குகிறாள்.
என்னடி?
"விலை."

எவ்வளவு என்று காட்ட மாட்டேன் என்கிறாள்.
மழை விடவில்லை. போகட்டும் இருவரும்.
வாசித்துவிட்டு
நாக்கால் அழிக்கவேண்டும்.