உள்ளங்கை அளவுப் பள்ளம்

மாடு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
ஸெஸ்டபோனி தாண்டி, குடாய்சி போகும் சாலையில்
நட்டநடுவே நின்று அசைபோட்டது,
அந்தச் சாலை அதற்குச் சீதனமாய் வந்ததுபோல.
ஜெமாலி பிரேக்கை மிதித்தார்.
கார் நின்றது.
மாடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.
பின்னால் வந்த ரொட்டி வேன் மட்டும்
அரை முழம் தாமதமாய் நின்றது.

சத்தம் என்னவோ சின்னதுதான்.
காலித் தகர டப்பாமேல் யாரோ
தெரியாமல் உட்கார்ந்துவிட்டதுபோல.
யாருக்கும் அடியில்லை.
இறங்கிப் பார்த்தால் டிக்கி மூடியில்
என் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம்.
"அவ்வளவுதானே" என்றார் ஜெமாலி.
இருபத்தாறு வருடமாய்
எதற்கும் அவர் சொல்வது அதுதான்.
சாவியைத் திருகினார்.
டிக்கி திறக்கவில்லை.

டிக்கிக்குள் என் பழுப்புப் பை.
பைக்குள் எங்கள் திருமணச் சான்றிதழ்,
இரண்டு அடையாள அட்டைகள்,
பணம் கட்டிய ரசீது.
பன்னிரண்டு மணிக்கு, குடாய்சியில்,
ஆறாம் எண் ஜன்னலில்
நாங்கள் பிரிவதாக ஏற்பாடு.
அதற்கு ஒரே காரிலா போவீர்கள் என்று
சிரித்தாள் அவருடைய தங்கை.
பெட்ரோல் போடுகிறவளாய் இருந்தால்
கேட்டிருக்க மாட்டாள்.

வேனிலிருந்து இறங்கிய பையன் பெயர் தெங்கிஸ்.
வரலாமா வேண்டாமா என்று
மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்த முகம்.
"முதலாளி கொன்றுவிடுவார்" என்றான்.
"கொல்ல மாட்டார், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்"
என்று ஆறுதல் சொன்னார் ஜெமாலி.
பிறகு இருவருமாய்
தட்டினார்கள், இழுத்தார்கள், உதைத்தார்கள்,
கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தார்கள்.
பின்சீட்டு வழியாக எடுக்கலாமே என்றேன்.
சீட்டை அசையாமல் வெல்டு அடித்தது யார் என்று
அப்போது யாரும் பேச விரும்பவில்லை.
(அவர்தான். உருளைக்கிழங்கு மூட்டை சரிந்த வருடம்.)

மெக்கானிக் ஓதாருக்கு போன் போட்டோம்.
"இதோ வந்துவிட்டேன்" என்றார்.
ஓதாரின் 'இதோ' நாலு மணி நேரம் நீளும்.

சாலையோரத் தடுப்புக் கம்பியில் உட்கார்ந்தோம்,
நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு.
நஷ்ட ஈடாக நான்கு ரொட்டிகளை வைத்துவிட்டு
பையன் பறந்தான்.
படகு வடிவ ரொட்டி, இன்னும் சூடு.
மொறுமொறுவென்ற நுனியைப் பிய்த்து
என் பக்கம் நீட்டினார் ஜெமாலி,
முகம் சாலையைப் பார்த்தபடி.
கைப்பழக்கம். மனசுக்கு அதில் வேலையில்லை.
நானும் வாங்கித் தின்றேன்.
எனக்கும் கை இருக்கிறதே.

ஊர்க்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி
எங்கள் இஸ்திரி உடுப்பைப் பார்த்துக் கேட்டார்:
"என்ன, கல்யாணத்துக்கா?"
"அது சம்பந்தமாகத்தான்" என்றார் ஜெமாலி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ரொட்டி புரையேறி
கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.
அவர் முதுகில் தட்டவில்லை.
தட்டலாமா என்று கையை எடுத்து
மறுபடி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

மாடு இதற்குள் சாலையைக் கடந்து வந்து
எங்கள் நம்பர் பிளேட்டை நக்கிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு ஓதார் வந்தார், கடப்பாரையோடு.
ஒரே நெம்பு.
பழுப்புப் பை பத்திரம்.
அதன் அடியில்
அவர்தான் தொலைத்தார் என்று
மூன்று வருடமாய் நான் சண்டை பிடித்த குடை.
அவர் குடையைப் பார்த்தார்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது ஆறாம் எண் ஜன்னலில்
திரை இறங்கியிருந்தது.
மறுநாள் வேனுக்குக் காசு கொடுத்துப் போனோம்,
அவர் முன்சீட்டில், நான் கடைசியில்.
பதினோரு நிமிடத்தில் முடிந்தது.
மாட்டுக்குப் பின்னால் நின்றது அதைவிட அதிகம்.

கார் என் பங்குக்கு வந்தது.
டிக்கியைத் துணிக்கொடிக் கயிறால் கட்டி ஓட்டுகிறேன்.
பள்ளத்தைத் தட்டி எடுக்கட்டுமா
என்று ஓதார் போன வாரமும் கேட்டார்.
அவ்வளவுதானே, இருக்கட்டும் என்றேன்,
சொன்ன பிறகுதான்
யார் சொல்வது அது என்று காதில் விழுந்தது.