உறவுமுறை என்கிற கட்டம்

சம்த்ரேதியாவைத் தாண்டி பத்தூமி போகிற சாலையில்
பெட்ரோல் பங்குக்கும் கல்லறைக்கும் நடுவே எங்கள் கடை.
நான் லம்சிரா. அவள் சியூரி.
இரண்டு ஜாக்கி, ஒரு கம்ப்ரெஸர்,
ரொக்கம் போட ஒரு பிஸ்கட் டின்.

இந்த ஊர்க் காசின் பெயரும் லாரி,
வந்து நிற்கிற வண்டியும் லாரி,
இரண்டும் ராத்திரியில்தான் வரும்.

பிப்ரவரியில் கியூம்ரிக்காரன் ஒருவன்
நள்ளிரவில் இரண்டு டயர் மாற்றிக்கொண்டு
கார்டை நீட்டினான். மெஷின் இல்லை என்றேன்.
ஸ்டெப்னியை அடகு வைத்துவிட்டுப் போனவன்
திரும்பவே இல்லை.
இப்போது அதற்குள் கோழி முட்டையிடுகிறது.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை
மண்ணெண்ணெயில் நகக்கண் தேய்த்துக் கழுவி
குத்தாய்சிக்குப் போனோம்.

முதல் வங்கியில் காபி தந்தார்கள்.
மெஷின் இலவசம், ஒவ்வொரு தேய்ப்புக்கும் இரண்டரை சதவீதம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் சியூரி.
பதினைந்து லாரி பஞ்சருக்கு
முப்பத்தேழரை தெத்ரி என்று உடனே சொன்னாள்.
"அந்த அரைத் தெத்ரியை எப்படி எடுப்பீர்கள்?"
மேலாளரைக் கேட்டுவர எழுந்து போன பெண்
காபி ஆறும்வரை வரவில்லை.

இரண்டாவதில் சதவீதம் குறைவு, வாடகை அதிகம்.
பணம் கணக்கில் ஏற மூன்று நாள்.
மூன்று நாள் அது யார் வீட்டில் சாப்பிடும்
என்று கேட்க நினைத்தேன், அதற்குள் படிவம் வந்துவிட்டது.
பங்குதாரர்களின் உறவுமுறை.
சகோதரிகளா? இல்லை.
தோழிகள்? மழை நாளில் மட்டும்.
"ஒரே ஆளைக் கட்டியிருந்தோம்," என்றாள் சியூரி,
"முதலில் இவள். அப்புறம் நான். இப்போது யாருமில்லை."
காது சிவக்க
'இதர' என்று எழுதினார் அந்த மனிதர்.

மூன்றாவதில் இருந்த பையன், ரமாஸ்,
அதே பதிலுக்கு வாய்விட்டுச் சிரித்தான்,
கடைவாய்ப் பல் அடைத்த ஈயம் தெரிய.
எனக்குக் கோபம்.
சியூரியோ தாளில் கணக்குப் போட்டாள்:
இரண்டு சதவீதம். பதினைந்துக்கு முப்பது தெத்ரி.
அரை என்ற பேச்சே இல்லை.
பணம் மறுநாள் காலை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மூன்று மணிக்கு மூன்று பேரின் உதவி எண்ணையும் அழைத்தேன்.
ஒன்றில் வயலின் வாசித்தார்கள்.
ஒன்றில் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, மறுபடி ஒன்று.
சிரித்தவனின் வங்கியில் ஒருத்தி எடுத்தாள்,
பின்னால் கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.
"மெஷின் நின்றுவிட்டதா அக்கா?"
இன்னும் வாங்கவே இல்லை என்றேன்.
"வாங்குங்கள். நின்றால் நான்தான் இருப்பேன்,
இது எங்கே தூங்கவிடுகிறது."

கார்டில் பெயருக்கு இருபத்தோரு எழுத்துதான் இடம்.
எங்கள் இரண்டு பெயரும், நடுவில் ஒரு 'மற்றும்'மும் கொள்ளாது.
என் பெயர் மட்டும் போட அவள் விடவில்லை,
அவள் பெயர் மட்டும் போட நான் விடவில்லை.
இந்த நாட்டில் கல்யாணமானாலும்
பெண்கள் பெரும்பாலும் அப்பா பெயரோடே இருப்பார்கள்.
நாங்கள் இரண்டு பேரும், தனித்தனி வருடத்தில்,
ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டவர்கள்.
திரும்ப மாற்ற வரிசையில் நிற்க நேரமில்லை.
ஆக, பொதுவாக இருந்தது ஒன்றுதான்:
குர்ச்சாலியா.
ஒரு நட்டுக்கூடக் காசு போடாத ஜும்பெரின் குடும்பப் பெயர்
வெள்ளி எழுத்தில் வந்து இறங்கியது.

முதல் தேய்ப்பு ஒரு திராப்சோன்காரனுடையது.
மழையில் மெஷின் கொஞ்சம் யோசித்தது,
பிறகு நாக்கு நீட்டுவதுபோல் ரசீது.
படித்துப் பார்த்துக் கேட்டான்:
"குர்ச்சாலியாதான் முதலாளியா? உள்ளே இருக்கிறாரா?"

சியூரி சக்கரத்துக்குக் கீழே படுத்திருந்தாள்.
"இல்லை," என்றது அவள் குரல்,
"இடம் அவ்வளவுதான் இருந்தது.
அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் தள்ளு."