எந்தக் கால்

வால்பரைசோவில் தெருக்கள் பாதியில் மனம் மாறிப்
படிகளாகிவிடும்.
இருபத்தாறு வருடம் அவற்றில் தபால் சுமந்து ஏறியவள்
யூபெர்லிண்டா.
செருப்புத் தேய நடந்தாள் என்று சொல்ல முடியாது,
செருப்பை அஞ்சல் துறை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றித் தந்தது.
தேய்ந்தது உள்ளே,
தோலுக்கும் எலும்புக்கும் நடுவில்
பிறக்கும்போதே வைத்துத் தைத்த மெத்தை.

"கூழாங்கல் மேல் நிற்கிறேன்,
ஆனால் கல் காலுக்குள் இருக்கிறது" என்றாள்
முதல் நாள் என் ஆய்வகக் கதவில் சாய்ந்து.
பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டினாள்:
"கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு, எலியோடோரோ.
இருக்க வேண்டிய இடத்தில்தான் இல்லை."

நான் அறுக்கிறவன் இல்லை. கழுவுகிறவன்.
யாரோ வேண்டாமென்று விட்டுப்போன இடுப்புக் கொழுப்பு
எனக்கு ஜாடியில் வரும்.
உறையவைத்து, உருகவிட்டு, உப்புநீரில் அலசி,
நொதியில் ஊறப்போட்டு, ஆல்கஹாலில் எண்ணெய் பிரித்து
உயிரணுக்களை ஒன்றுவிடாமல் வெளியேற்றுவேன்.
ஐந்தாம் நாள் மிஞ்சும்
பிய்த்த பஞ்சுபோல வெள்ளையாக ஒன்று.
குடித்தனக்காரர் காலிசெய்த வீடு அது.
சுவர் இருக்கும், அடுப்படி எங்கே இருந்தது என்று தெரியும்,
பெயர்ப்பலகை மட்டும் இருக்காது.
பெயர் இல்லாததால் எந்த உடம்பும் அதனோடு
சண்டைக்கு வராது. அநேகமாக.

இடம் மாற்றி வைத்த கொழுப்புக்கு
முதல் சில நாள் இரத்தம் கிடையாது.
ஓரத்தில் இருப்பது பக்கத்துச் சதையிடம்
கொஞ்சம் மூச்சுக் கைமாற்று வாங்கிக்கொள்ளும்.
நடுவில் இருப்பது
கேட்க ஆளில்லாமல் எண்ணெயாகிவிடும்.
ஆறு மாதத்தில் பாதி கரையும்,
சிலருக்கு முக்கால்வாசி.
கொடி ஏற ஒரு பந்தல் வேண்டும்;
இரத்தக் குழாயும் கொடிதான்.

டாக்டர் இரார்ராசவல் போட்ட கணக்கு:
அவள் வயிற்றுக் கொழுப்பே இரண்டு பாதத்துக்கும்.
ஒன்றில் மட்டும் என் பஞ்சும் கலந்து.
எந்தப் பாதம் என்பது ஓர் உறைக்குள்,
உறை இரும்புப் பெட்டிக்குள்.
டாக்டருக்குத் தெரியாது, அளக்கிறவருக்குத் தெரியாது.
கலந்து கொடுத்த எனக்குத் தெரியும்.

பிறர் உறைகளைப் பிரிக்காமல்
இருபத்தாறு வருடம் சுமந்தவள்
அந்த ஓர் உறையை மட்டும் கேட்டாள்.
ரொட்டி வாங்கிவந்து கேட்டாள்.
இழுவை ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து,
இரண்டு பாதத்தையும் நீட்டிக் கேட்டாள்:
"எந்தக் கால்?"
நான் ஜன்னல் வழியே கப்பல்களை எண்ணினேன்.
பதினொன்று.

ஆறாம் மாதம் அல்ட்ராசவுண்ட்.
இடதில் ஏழு மில்லிமீட்டர், வலதில் நான்கு.
இடதில் கடுகளவு எண்ணெய்க் கட்டி ஒன்று;
அதையும் எழுதினோம்.
உறையைப் பிரித்தார்கள். இடது.
எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.
உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை.
"வலதுதான். வலது வலிப்பதே இல்லை.
இடதுதான் சாயங்காலமானால் அலுத்துப்போகிறது."
டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
திரையைப் பார்க்காமல்
குனிந்து வலது பாதத்தைத் தடவிக்கொண்டாள்.

மருத்துவமனைக்கு வெளியே
நூற்றுச் சொச்சம் படி.
மேலே நின்று பார்த்தேன்.
ஒவ்வொரு படியிலும் முதலில் இறங்குவது இடது,
முழு எடையோடு, சத்தம் கேட்க.
வலது பின்னாலேயே வந்து
விரல் நுனியில் அமர்கிறது,
விருந்தாளிபோல.

கடைசிப் படியில் திரும்பிக் கத்தினாள்:
"வலது!"
கையை ஆட்டினேன்.
எனக்கு ஒரு கால் மரத்துப்போயிருந்தது,
மாற்றி நின்றேன்.