நானூறு யூனிட்

கடைக் கணினியில் முத்திருளன் ஒழுங்கானவர்.
காலை இருபது, இரவு பன்னிரண்டு.
குப்பியின் நானூறை முப்பத்திரண்டால் வகுத்தால்
பன்னிரண்டரை நாள்.
அந்த அரையைக்கூட அவர் விடுவதில்லை:
ஒருமுறை காலையில் வருவார், மறுமுறை சாயங்காலம்,
முழங்கையில் மைதா காய்ந்திருக்கும்.
மூன்று மாதச் சர்க்கரை மட்டும்
பதினொன்றை விட்டு இறங்க மாட்டேன் என்றது.

அதனால்தான் செல்லூருக்குப் போனேன்,
ஞாயிறு மத்தியானம்,
தறிகள் வாயை மூடும் ஒரே மத்தியானம்.
பையில் குளுக்கோமீட்டர், பஞ்சு,
இரண்டு பக்கமும் அச்சடித்த கேள்வித்தாள்.

'ராத்திரி ஊசி எத்தனை மணிக்கு?'
'ராத்திரிக்குத்தேன்.'
சீட்டு எழுதிய டாக்டருக்கு ராத்திரி எட்டு மணி.
மாட்டுத்தாவணியில் கல்லை அணைத்து
மிச்சச் சால்னாவில் இரண்டைப் பிய்த்துப் போடுகிறவருக்கு
இரண்டே கால்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

வயிற்றைக் காட்டச் சொன்னேன்.
தொப்புளுக்கு இடப்பக்கம், குத்திய இடத்திலேயே குத்தி,
ஊறிய புளியங்கொட்டை போல ஒரு கட்டி.
'இங்கென வலிக்காது, அதேன்.'
வலிக்காத இடத்தில் மருந்தும் ஒழுங்காக இறங்காது என்றேன்.
'மாவையும் ஒரே பக்கமா வீசுனா கிழிஞ்சிரும்'
என்று அவரே சொல்லிச் சிரித்தார்.
வந்த வேலை முடிந்ததென்று நினைத்தேன்.

குப்பி எங்கே என்றதும்
பஞ்சவர்ணம் ஈரமணலில் பதித்த சின்னக் கலயத்தைத் திறந்தார்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சிரிஞ்சுகள்.
இரண்டு.
ஒன்றின் கழுத்தில் கறுப்பு நூல்.

நான் எண்ணிப் பிழைப்பவள்.
நூல் கட்டுவது மாறிப்போகாமல் இருக்க.
மாறக் கூடாதென்றால்
உடம்பு இரண்டு.

பஞ்சவர்ணம் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.
அதற்குள் பார்த்துவிட்டேன்,
கட்டைவிரலில் சுற்றிய துணியை.

'போன சித்திரையில முகாம்ல பாத்தாக.
முன்னூத்தி நாப்பது.
பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொன்னாக.
போனா அன்னைக்கு இட்லிச்சட்டி ஏறாது.
எங்கிட்ட இருக்கறதுல பாதி ஒனக்குன்னுட்டாரு.'

முத்திருளன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அது ஓடவில்லை.

ஆபத்து என்றேன்.
தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும்,
சீனி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்றேன்.
பாதி மருந்து இரண்டு பேரையும்
பாதியாகத்தான் வைத்திருக்கும் என்றேன்.
எல்லாம் படித்துத் தேர்வு எழுதியவைதான்,
ஏனோ வாய் குழறியது.

'இருவத்தாறு வருசத்துல
ஒரு மொழம் பூ வாங்கியாந்ததில்ல இந்த மனுசன்'
என்றார் பஞ்சவர்ணம், என்னிடம், புகாராக.
'நாந்தேன் ஊசியே போட்டுவிடுறேன்ல' என்றார் அவர்.

விரலை வாங்கிக் குத்தினேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு.
புது அட்டை ஒன்று எடுத்தேன்.
வயது?
'இவருக்கு ரெண்டு கம்மி.'
அவர் வயது அவருக்கே தெரியவில்லை,
கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரி வரிசையில்
நான் முன்னாடியே போய் நிற்கிறேன் என்றேன்.
'யாவாரம் முடிய ஒம்பதாயிரும்.'
ஒன்பது என்று எழுதினேன்.
'ஒம்பதரைன்னே போடு தாயி.'
அடித்துவிட்டு ஒன்பதரை என்று எழுதினேன்.

கறுப்பு நூலை அவிழ்த்துவிடவா என்று கேட்டார் முத்திருளன்.
அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.