நாலடிக்கு இப்பால்

லிங்கன்ஷயரில் பிப்ரவரி என்றால்
பனிமழை பாதி, சேறு மீதி.
டர்னிப் வயலின் கேட்டுக்குள்
இரவோடிரவாக ஒரு வீடு வந்து படுத்திருந்தது:
வயிறு கிழிந்த சோபா,
கதவில்லாத ஃபிரிட்ஜ்,
யாரோ உரித்த குளியலறைச் சுவர், மூட்டை மூட்டையாய்.
ஓரத்தில், நீலக் கயிறு கட்டிய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள்.
பதினேழு.
எண்ணத்தான் முடிந்தது.

சினை ஆடு ஒன்று
பெயிண்ட் டப்பாவை நக்கிக்கொண்டிருந்தது,
நான் வைத்த உப்புக்கட்டி என்று நம்பி.

கவுன்சிலிலிருந்து பிரியனி வந்தாள்.
சின்னப் பெண், புது பூட்ஸ், கையில் அளவு நாடா.
தூணிலிருந்து இழுத்துப் பிடித்தாள்.
"நாலடி உள்ளே இருக்கிறது, மிஸஸ் டட்டிங்.
சாலையோரம் என்றால் நாங்கள் எடுப்போம்.
உள்ளே என்றால் உங்களுடையது."
வருத்தமாகத்தான் சொன்னாள்.
நாடா சரக்கென்று சுருண்டு
அவள் கைக்குள் போய்விட்டது.

என்னுடையது.
ஓரடி நிலத்துக்காக என் மாமனார்
பதினோரு வருடம் வழக்காடித் தோற்றார்.
எனக்கோ ஒரே ராத்திரியில்
ஒரு வீடே சொத்து சேர்ந்துவிட்டது.

தகடுகளை அகற்ற லைசென்ஸ்காரர்கள் கேட்டது
இரண்டாயிரத்து நூறு பவுண்டு, வரி தனி.
சந்தை விலையில் பதினேழு குட்டிகள்.
தகட்டுக்கு ஒன்று.

மூட்டைகளைப் பிரித்தேன், ஒரு விலாசம் கிடைக்குமா என்று.
கிடைத்தது ஒரு வாழ்த்து அட்டை:
அப்பாவுக்கு, அன்புடன்.
எந்த அப்பா, எந்த ஊர்?
வேன்காரனுக்கு ரொக்கமாகக் கொடுத்து அனுப்பிவிட்டு
புதுக் குளியலறையில், கழுத்து வரை வெந்நீரில்
கிடப்பார் அந்த அப்பா.

இரவு பதினொன்று.
டிராக்டரை எடுத்தேன். விளக்குப் போடவில்லை.
நாலடி. வெறும் நாலடி.
தள்ளிவிட்டால், விடிந்ததும் அது ஊர்ப் பொறுப்பு.
கேட்க யார்? நிலாகூட இல்லை.

சோபா நகர்ந்தது.
நகர்ந்த இடத்தில், இறுகிய சேற்றில்,
டார்ச் வெளிச்சத்தில்
ஒரு டயர் தடம்.
வேன் தடமில்லை.
நான்கு பட்டை, ஓர் இடைவெளி,
மறுபடி நான்கு பட்டை.

அந்த இடைவெளியை எனக்குத் தெரியும்.
வெள்ளத்து வருடம் என் ஆடுகளை
மேட்டுக்கு இழுத்துவந்த சக்கரம் அது.
நெவில் ஓட்லிங்.
அவன் கேட்டும் என் கேட்டும் எதிரெதிர்.
நீலக் கயிறும் அவன் வைக்கோல் கட்டும் கயிறுதான்.
அவிழ்ந்துவிடக் கூடாதென்று
பத்திரமாக இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறான்.

அவன் பக்கம் எத்தனை அடி உள்ளே கிடந்ததோ.
அவனும் விளக்குப் போடாமல்தான் வந்திருப்பான்.

எஞ்சினை அணைத்தேன்.
அது டிக் டிக்கென்று ஆறுவதைக் கேட்டபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்,
அந்தச் சோபாவில்தான்.
ஈரம் உடம்பில் ஏறியது.

பிறகு பழைய இடத்துக்கே இழுத்துவைத்தேன்.
நல்லவள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
சாலையின் அகலம் பன்னிரண்டு அடி.
அதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் இழுத்தேன்.

மார்ச்சில் ஓர் ஆட்டுக்கு இரட்டைக்குட்டி குறுக்கே சிக்கியது.
கூப்பிட்ட ஆறாவது நிமிடம் நெவில் வந்தான்.
முழங்கை வரை கைவிட்டு
இரண்டையும் உயிரோடு எடுத்தான்.
கை கழுவும்போது ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தான்.
"தூக்கில் போட வேண்டும் இவன்களை."
"ஆமாம்" என்று துண்டை நீட்டினேன்.
அவன் காது சிவந்திருந்தது.
குளிராகவும் இருக்கலாம்.

இப்போது கேட்டுக்குக் கனத்த சங்கிலி, பித்தளைப் பூட்டு.
கடைக்காரர் இரண்டு சாவி கொடுத்தார்.
ஒன்று அடுப்படி ஆணியில் தொங்குகிறது.
இன்னொன்று
நெவிலிடம்.